ஒரு செங்கோட்டை வீட்டுக் கணினிக்கு வாரிசு: நிகழ்வு ஆய்வு

செங்கோட்டையில் ஒரு வீட்டின் முன்னறையில் 2009-இல் பொருத்திய கணினி இது. இன்டெல் கோர் 2 டியோ இ7500 ப்ராசஸர், ஜி31 சிப்செட் போர்டு, 2 ஜிபி டிடிஆர்2 ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், 17 அங்குல மானிட்டர், விண்டோஸ் எக்ஸ்பி. வீட்டம்மா இதில்தான் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாம் வடிவமைக்கிறார். ஆரியங்காவு கணவாய்க்குக் கீழே இருக்கும் ஊர். 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த ஊர். பெண் எடுப்பதும் கொடுப்பதும் தென்மலை, புனலூர், கொல்லம் வரை போகும். அதனால் பத்திரிகையில் பாதி தமிழ், பாதி மலையாளம். வீட்டுக்காரரின் மரக்கடை பில்லும் இதே கணினியில், டாஸ் காலத்து நிரல் ஒன்றில், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில், மூன்று படி கார்பன் தாளில் அடிக்கப்படுகிறது. மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு இந்தக் கணினியில் ஒரு பிரவுசர்கூட உருப்படியாகத் திறப்பதில்லை.

புதிதாக ஒன்று செய்வது என்று முடிவானதும் ஆளுக்கொரு ஆசை. மகளுக்குக் கண்ணாடிக் கேபினட், கிராஃபிக்ஸ் கார்டு. வீட்டுக்காரருக்கு பில் பிரிண்டர் ஓட வேண்டும். அம்மா சொன்னது இரண்டே வாக்கியம்: "என் பழைய ஃபைல் எல்லாம் தொறக்கணும். கேஸைத் தொட்டா சுர்ருன்னு இழுக்கு, அது நிக்கணும்."

கடைக்காரரிடம் கொடுக்கும் பாகப் பட்டியலில் இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடம் கிடையாது. இந்த ஆய்வின் அடிப்படை அவைதான். கனவுக் கணினி என்றால் பலரும் ப்ராசஸரில் தொடங்குகிறார்கள். இங்கே பழைய கணினி என்னென்ன வேலை செய்கிறது, எந்தக் கேபிள் எங்கே போகிறது, எந்த ஃபைல் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பதை முதலில் எழுதி, அதற்கு ஏற்பப் பாகங்கள் தேர்வாயின.

பழையதையே தேற்ற முடியாதா

முடியாது. காரணங்கள் திட்டமானவை. ஜி31 சிப்செட் 4 ஜிபி ராமுக்கு மேல் ஏற்காது. ப்ராசஸர் ஓரத்து கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. மாற்றலாம், ஆனால் அதன் பலன் ஒரு சாரல் காலத்தைத் தாண்டினாலே அதிகம். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல். விண்டோஸ் 11-ஐ ஏதாவது வித்தை செய்து ஏற்றலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் சிப் இல்லாத குறையை அப்படித் தாண்டலாம்தான். ஆனால் அதன் 24எச்2 பதிப்பு 'பாப்கவுன்ட்' என்ற கட்டளையை ப்ராசஸரிலேயே எதிர்பார்க்கிறது. இ7500-இல் அந்தக் கட்டளை கிடையாது. பூட் ஆகவே ஆகாது. இதற்கு மாற்று வழி எதுவும் இல்லை.

முதல் வேலை: டிஸ்க்

புதுப் பாகம் எதையும் வாங்கும் முன் பழைய ஹார்டு டிஸ்க்கின் 'ஸ்மார்ட்' விவரத்தை, அதாவது டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் பட்டியலை, பார்க்க வேண்டும். அதில் இரண்டு வரிகள் போதும்: 5-ஆம் எண் வரி, மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்); 197-ஆம் எண் வரி, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். இந்த வீட்டில் 197 சுழியாக இல்லை. அந்த நிலையில் விண்டோஸுக்குள் போய் ஃபோல்டரை இழுத்துப் போட்டு நகலெடுப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. டிஸ்க்கைக் கொல்வதும் அதுதான். கெட்ட செக்டர் ஒன்றில் விண்டோஸ் திரும்பத் திரும்ப முட்டும், ஹெட் அதே இடத்தில் அடித்துக்கொண்டே இருக்கும்.

செய்தது இப்படி. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் நேராக சாட்டா கேபிளில் மாட்டி, லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, பழுதான டிஸ்க்கை மீட்கும் டிடிரெஸ்க்யூ நிரல் கொண்டு முழு டிஸ்க்கின் பிம்பம் (டிஸ்க் முழுவதையும் அப்படியே அடக்கிய ஒரே ஃபைல்) எடுக்கப்பட்டது. யுஎஸ்பி உறையில் போடக் கூடாது; பிழை வந்ததும் பல உறைகள் இணைப்பையே விட்டுவிடும். டிடிரெஸ்க்யூவுக்கு, எதுவரை படித்தது என்று குறிக்கும் மேப் ஃபைல் கட்டாயம். அது இருந்தால்தான் நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் சுற்றில் நல்ல பகுதிகளை மட்டும் அள்ளி, கெட்டதைத் தாண்டிப் போகச் சொல்ல வேண்டும். இரண்டாவது சுற்றில்தான் கெட்ட இடங்களில் மூன்று மறு முயற்சி. பிம்பம் இறங்கும் டிஸ்க்கில் 320 ஜிபிக்கு மேல் காலியிடம் வேண்டும், பழையதில் 60 ஜிபி மட்டுமே நிரம்பியிருந்தாலும். பிம்பம் எடுத்ததும் அதற்கு ஒரு நகல். இனிமேல் எல்லா வேலையும் நகலில்தான்.

சுர்ரென்று இழுப்பது

அதிகம் கவனிக்க வேண்டிய பகுதி இது. ஆசைப் பட்டியலில் யாரும் எழுதாத பாகமும் இதுவே.

கணினிப் பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள், மின்சாரம் நுழையும் இடத்தில் இரண்டு சிறு கெபாசிட்டர்கள் இருக்கும். ஒன்று லைனிலிருந்து கேபினட் உடலுக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து உடலுக்கு. மின் இரைச்சலை எர்த் வழியே கழிப்பது அவற்றின் வேலை. எர்த் ஒயர் சரியாக இருந்தால் உடல் 0 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். எர்த் அறுந்திருந்தால் இரண்டு கெபாசிட்டரும் மின்னழுத்தத்தைச் சரிபாதியாகப் பிரித்து, உடலை ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்க விடும். 2200 பைக்கோஃபாரட் கெபாசிட்டர் என்றால் தொட்டவர் வழியே ஓடுவது 0.16 மில்லி ஆம்பியர்தான். மானிட்டர், பிரிண்டர் எல்லாம் சேரும்போது கூடும். ஆளைக் கொல்லாது. ஆனால் புறங்கையால் தடவினால் சுர்ரென்று தெரியும். இந்த மிதக்கும் அழுத்தத்தோடு பிரிண்டர் கேபிளைச் சொருகினால், உடல்கள் இரண்டும் சமமாகும் முன் அந்த அழுத்தம் சிக்னல் பின் வழியே பாய வாய்ப்புண்டு. "போர்ட் தானாகப் போச்சு" என்று சொல்லப்படும் பல பழுதுகளின் மூலம் இது.

சோதிப்பது எளிது. மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட் நிலையில் வைத்து, மூன்று பின் சாக்கெட்டில் மூன்று அளவு: லைன்–நியூட்ரல், லைன்–எர்த், நியூட்ரல்–எர்த். முதல் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக, மூன்றாவது 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஆனால் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. துருப்பிடித்த, மயிரிழை தொடர்புள்ள எர்த்கூட மீட்டருக்குச் சரியாகக் காட்டும். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்க்க வேண்டும். முழு வெளிச்சம் வந்தால் எர்த்துக்கு உயிர் இருக்கிறது. மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி உள்ள வீட்டில் பல்பு எரியாமல் பிரேக்கர் விழும், அதுவும் நல்ல செய்தியே. இந்தச் சோதனையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

இந்த வீட்டில் மீட்டர் சரி என்றது, பல்பு மங்கலாக மினுக்கியது. சாக்கெட்டிலிருந்து டிபி (மின் பகிர்வுப் பெட்டி) வரை ஒயர் ஒழுங்காக இருந்தது. கோளாறு எர்த் குழியில். குழி சன்ஷேடுக்கு அடியில் தோண்டப்பட்டிருந்தது. ஆனி, ஆடியில் ஊரெல்லாம் சாரலில் நனைந்தாலும் அந்த ஒரு முழ இடத்தில் மட்டும் சொட்டு விழாது. குழாயைச் சுற்றிய மண் மாவாக உதிர்ந்தது; ஒயரை இறுக்கியிருந்த போல்ட் துருவாகவே மாறியிருந்தது. திறந்தவெளியில், கிணற்றடிப் பக்கம், இரண்டரை மீட்டர் நீளமுள்ள 40 மி.மீ. ஜிஐ குழாய் இறக்கிப் புது எர்த் போடப்பட்டது. மேலே புனல், மூடி. கேபினட் தொல்லை அன்றே நின்றது, பழைய கணினியிலேயே.

சில எலக்ட்ரீஷியன்கள் இதற்கு ஒரு குறுக்கு வழி செய்வார்கள்: சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவது. சுர்ரென்று இழுப்பது நின்றுபோகும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கேபினட் முழுக்க 230 வோல்ட் நிற்கும். அப்படிச் செய்திருந்தால் உடனே பிரிக்க வேண்டும்.

சித்திரை, வைகாசிக் கோடை இடியும் ஐப்பசி இடியும் இந்தப் பக்கத்தில் கடுமை. டிபியில், திடீரென்று பாயும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் டைப் 2 சர்ஜ் பாதுகாப்பு ஒன்று போடப்பட்டது. அதன் இணைப்பு ஒயர் மொத்தம் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும், நீண்டால் அது இருந்தும் பயனில்லை. இன்டர்நெட் ஃபைபர் என்பதால் கண்ணாடி இழை வழியே இடி வராது. ஆனால் ஃபைபர் பெட்டியின் அடாப்டர் கரன்ட்டில்தான் இருக்கிறது. அங்கிருந்து கணினிக்கு வரும் லேன் கேபிள் செம்பு. ஆகவே கணினி வைஃபையில் இணைக்கப்பட்டது.

இன்வெர்ட்டர்

கரன்ட் போகும்போதெல்லாம் பழைய கணினி ரீஸ்டார்ட் ஆகும். பழியை எல்லாரும் பேட்டரி மேல் போட்டார்கள். கணக்கு வேறு. எஸ்எம்பிஎஸ் உள்ளே வரும் மின்சாரம் நின்றபின் சுமார் 16 மில்லிசெகண்ட்தான் தாங்கும். இன்வெர்ட்டரின் பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கும். அது இன்வெர்ட்டர் அல்லது ஈகோ நிலையில் இருந்தால் மாறுவதற்கு அதைவிட நேரமாகும். யுபிஎஸ் நிலையில் 10 மில்லிசெகண்ட் அளவில் மாறிவிடும். யுபிஎஸ் நிலையில் ஏற்கும் அழுத்த வரம்பு குறுகல், பல மாடல்களில் ஏறத்தாழ 180 முதல் 260 வோல்ட். மாலையில் அழுத்தம் இறங்கும் தெருவில் அடிக்கடி பேட்டரிக்குத் தாவும். பேட்டரி தேயும், வேலை அழியாது.

இங்கே இருந்தது சதுர அலை இன்வெர்ட்டர். மின் இழுவையைச் சீராக்கும் 'ஆக்டிவ் பிஎஃப்சி' உள்ள இன்றைய எஸ்எம்பிஎஸ்களில் சில சதுர அலையில் கரகரக்கும், சில அணைந்தே போகும். சதுர அலை இன்வெர்ட்டருக்குப் பின்னால் சின்ன யுபிஎஸ் மாட்டுவதும் சரிவராது. பல யுபிஎஸ்கள் அந்த அலையை மெயின்ஸ் என்றே ஏற்காமல் தன் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். ஆகவே சைன் அலை இன்வெர்ட்டர், யுபிஎஸ் நிலை. லேசர் பிரிண்டர் மட்டும் இன்வெர்ட்டர் லைனில் வரவே கூடாது. அதன் ஹீட்டர் சூடேறும் நொடியில் பல நூறு வாட் இழுக்கும். அதற்கு நேர் லைனில் தனி சாக்கெட்.

பாகங்கள்

ப்ராசஸர் இன்டெல் கோர் ஐ3-12100. நான்கு கோர், எட்டு த்ரெட், அடிப்படை மின் அளவு 60 வாட், உள்ளேயே கிராஃபிக்ஸ். பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. சில நூறு ரூபாய் குறைவு என்று கடையில் அதை எடுத்துக் கொடுத்து, வீட்டுக்கு வந்தபின் மானிட்டர் கறுப்பாக நிற்பது அடிக்கடி நடக்கிறது. இதைவிடப் புதிய தலைமுறைகள் இருக்கின்றன, வேகமும் கூடுதல். ஆனால் இந்த வீட்டின் வேலைக்கு அந்த வேகம் தேவைப்படாது. மிச்சமான பணம் எர்த்துக்கும் இன்வெர்ட்டருக்கும் போனதுதான் நியாயம்.

போர்டு எச்610, டிடிஆர்4. இதைத் தேர்ந்ததற்குப் பின்பக்கத்துத் துளைகளே காரணம்: பிஎஸ்/2 (பழைய கீபோர்டின் உருண்டைத் துளை), விஜிஏ, எச்டிஎம்ஐ. அம்மாவின் கை டிவிஎஸ் கோல்டு கீபோர்டில் பழகியது. பழைய பிஎஸ்/2 வகை, இன்னும் ஒரு விசைகூட ஒட்டவில்லை. அதைத் தூக்கிப் போட எந்தக் காரணமும் இல்லை. பிஎஸ்/2 இல்லாத போர்டு என்றால் உள்ளே சிப் உள்ள மாற்றிதான் வாங்க வேண்டும். மவுஸோடு வரும் பச்சை நிறச் சிறு அடாப்டர் பழைய கீபோர்டுக்கு வேலை செய்யாது. பிஎஸ்/2-ஐக் கணினி ஓடும்போது பிடுங்கவோ சொருகவோ கூடாது.

ராம் 8 ஜிபி இரண்டு. ஒரே 16 ஜிபி துண்டு போட்டால் உள் கிராஃபிக்ஸுக்குப் பாதை பாதியாகும். எஸ்எஸ்டி 500 ஜிபி என்விஎம்இ, டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட்) வகை. கூடவே 1 டெராபைட் ஹார்டு டிஸ்க், அன்றாட நகலுக்கு. எஸ்எம்பிஎஸ் 450 வாட், 80 ப்ளஸ் பிரான்ஸ். கணினி முழுச் சுமையில் 100 வாட்டைத் தாண்டுவதே அபூர்வம்; இந்த அளவு எடுத்தது மகளுக்காக. போர்டில் கிராஃபிக்ஸ் ஸ்லாட் காலியாக இருக்கிறது. நடுத்தரக் கார்டு ஒன்றை நாளைக்குப் போட இந்த எஸ்எம்பிஎஸ் தாங்கும்.

கண்ணாடிக் கேபினட் மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. கணவாய்க் காற்று தூசியையும் ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுவரும் ஊரில், முன்னால் கழற்றிக் கழுவக்கூடிய வலை உள்ள கேபினட்தான் சரி. முன்னால் இரண்டு விசிறி உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. உள்ளே அழுத்தம் சற்று கூடுதலாக இருந்தால் இடுக்குகளில் தூசி நுழையாது. பின்பக்கத்து ஸ்லாட் மூடிகள் ஒன்றுகூட விடுபடக் கூடாது. குளிர்காலத்தில் வெதுவெதுப்பைத் தேடிப் பல்லி நுழைவது அந்த வழியில்தான். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் குறுக்கே கிடந்தால் இரண்டும் போகும்.

மானிட்டர் 24 அங்குலம், 1920×1200. வழக்கமான 1080 வரிக்கு மேல் 120 வரி கூடுதல். இரண்டு ஏ4 பக்கத்தை அருகருகே வைத்தபின் கருவிப் பட்டைக்கும் இடம் மிஞ்சும். அம்மாவுக்கு இந்தக் கணினியில் கண்ணுக்குத் தெரிந்த முதல் வசதி இதுதான்.

பொருத்துவதில் ஒன்றிரண்டு

எல்ஜிஏ1700 சாக்கெட்டின் ஊசிகள் போர்டில் இருக்கின்றன. ப்ராசஸரை நேர்க்குத்தாக இறக்கி விட வேண்டும், நகர்த்தக் கூடாது. கருப்பு பிளாஸ்டிக் மூடி, கம்பியை அழுத்தும்போது தானே தெறிக்கும். அதை எடுத்து வைக்க வேண்டும். போர்டு வாரண்டிக்குப் போகும்போது அந்த மூடி இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். கூலரின் நான்கு கால்களையும் மூலைக்கு மூலை குறுக்காக அழுத்த வேண்டும். ஒவ்வொன்றும் 'டக்' என்று சொல்லும். போர்டைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளைக் கொண்டியின் இரண்டு இதழும் விரிந்து கறுப்பு ஊசி நடுவே தெரிய வேண்டும். மூன்று கால் பிடித்து ஒன்று பிடிக்காத கூலர் நன்றாகவே ஓடும், பங்குனி வெயில் வரும்வரை.

பயாஸில் மூன்று மாற்றம். ராம் தன் முழு வேகத்தில் ஓட எக்ஸ்எம்பி. இன்டெல் பிடிடி ஆன், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் அதுதான். 'கரன்ட் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும்' என்ற அமைப்பு ஆஃப். கரன்ட் வந்த முதல் நிமிடத்தில் அழுத்தம் குதிக்கும். அப்போது கணினி தானாக எழக் கூடாது.

பழைய உலகைப் புதுக் கணினிக்குள் வைப்பது

அம்மா பத்திரிகை வடிவமைக்கும் நிரலான பேஜ்மேக்கர் 7 புது விண்டோஸில் ஓடுகிற வீடுகள் இருக்கின்றன. ஆனால் அழைப்பிதழ் தொழிலுக்கு 'பெரும்பாலும் ஓடும்' போதாது. எக்ஸ்பியை இந்தப் போர்டில் நேராகப் போடவும் முடியாது. உள் கிராஃபிக்ஸ் பழைய பயாஸ் முறையில் பூட் செய்ய விடாது. ஆகவே பழைய டிஸ்க் அப்படியே ஒரு விர்ச்சுவல் மெஷினாக, அதாவது கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினியாக, விர்ச்சுவல்பாக்ஸ் நிரலுக்குள்.

டிஸ்க் பிம்பத்தை விர்ச்சுவல்பாக்ஸின் கட்டளையால் அதன் சொந்த டிஸ்க் வடிவமான விடிஐ ஆக மாற்றி ஏற்றியதும் நீலத் திரை, 7பி பிழை. பழைய சிப்செட்டின் ஐடிஇ (டிஸ்க் இணைப்பு) டிரைவரைத் தேடி எக்ஸ்பி தடுமாறுவதே இது. திருத்தம்: பிம்பத்தை ஒரு நல்ல ஹார்டு டிஸ்க்கில் எழுதி, அதைப் பழைய கணினியில் மாட்டி எக்ஸ்பியைத் திறந்து, டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலரின் டிரைவரை 'ஸ்டாண்டர்டு டூயல் சேனல்' ஆக மாற்றி, ரீஸ்டார்ட் கேட்கும்போது ரீஸ்டார்ட் செய்யாமல் அணைத்துவிட வேண்டும். பிறகு புதிதாகப் பிம்பம். விர்ச்சுவல்பாக்ஸில் டிஸ்க்கை ஐடிஇ, பிஐஐஎக்ஸ்4 வகையில் மாட்டி, ஐ/ஓ ஏபிஐசி தேர்வை ஆன் செய்ய வேண்டும். இரட்டைக் கோர் கணினியிலிருந்து வந்த எக்ஸ்பி அது இல்லாமல் பாதியில் உறைந்து நிற்கும். ராம் 1 ஜிபி போதும். நெட்வொர்க் கார்டு முழுதாக அகற்றப்பட்டது. பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன எக்ஸ்பி இன்டர்நெட்டைப் பார்க்கவே கூடாது. உரிமம் தனியாக வாங்கிய சில்லறை வகை என்பதால் மாற்ற முடிந்தது. கணினியோடு ஒட்டி வந்த ஓஇஎம் உரிமம் அந்தக் கணினிக்கு மட்டும் உரியது.

அம்மா மலையாளம் தட்டச்சு செய்யும் பழைய மென்பொருளின் டாங்கிள் (உரிமத்தைக் காக்கும் சிறு சாதனம்) பேரலல் போர்ட் என்ற பழைய பிரிண்டர் துளையில் மாட்டுவது. விர்ச்சுவல் மெஷினுக்குள் அது போய்ச் சேரவில்லை. நல்ல வேளையாக டாங்கிள் காவல் காத்தது விசைப்பலகையையும் அந்த மென்பொருளின் சொந்த வடிவக் கோப்புகள் சிலவற்றையும்தான். எழுத்துருக்கள் சாதாரண டிடிஎஃப் ஃபைல்கள். பேஜ்மேக்கரில் செய்த பழைய மலையாளப் பக்கங்கள் அப்படியே திறந்தன. திருத்தம் வந்தால், வெளியே விண்டோஸ் 11-இல், எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தட்டச்சு செய்து, சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் 'பய்யன்ஸ்' நிரலால் அந்த எழுத்துருவின் குறியீட்டுக்கு மாற்றி உள்ளே ஒட்ட வேண்டும். ஒட்டும்போது கேள்விக்குறிகளாக வந்தால் எழுத்துரு மேல் குற்றமில்லை: எக்ஸ்பியில் யூனிகோடு அல்லாத நிரல்களுக்கான மொழி ஆங்கிலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எழுத்துரு மாற்றம்

பழைய ஃபைல்களைப் பழைய பெட்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். புதுப் பத்திரிகைகள் யூனிகோடில்தான். இல்லாவிட்டால் அடுத்த கணினியிலும் இதே பாடு.

பழைய தமிழ் எழுத்துருவான பாமினியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டு: முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். யூனிகோடில் 'க' முதலில், அதன்பின் ஒகரக் குறி ஒன்றே. மாற்றும் நிரல் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் பாமினி, டாப், டாம், வானவில் குறியீடுகளையும் இன்னும் சிலவற்றையும் சரியாகவே மாற்றுகிறது. தவறு நேர்வது பெரும்பாலும் கலப்புப் பத்தியில். மாப்பிள்ளையின் படிப்பு ஆங்கிலத்தில் இருக்கும். பத்தியை மொத்தமாக மாற்றினால் அந்தப் பட்டம் பொருளற்ற தமிழெழுத்துகளாகச் சிதறும். எந்த எழுத்துருவில் இருக்கிறதோ அந்தத் துண்டை மட்டும் எடுத்து மாற்ற வேண்டும். மலையாளத்தில் சில்லெழுத்துகளை (உயிரொலி சேராமல் தனியே நிற்கும் மெய்யெழுத்து வடிவங்கள்) பார்க்க வேண்டும். 2008-இல் வந்த யூனிகோடு 5.1 அவற்றுக்குத் தனிக் குறியீடு தந்தது. பழைய முறையில் சேர்த்தெழுதியவையும் சுற்றில் உள்ளன. இரண்டும் கலந்தால் திரையில் ஒன்றாகத் தெரியும், தேடினால் கிடைக்காது.

பக்க வடிவமைப்புக்கு ஸ்க்ரைபஸ் 1.6. 2024 ஜனவரியில் வந்த இந்தப் பதிப்பில் தமிழும் மலையாளமும் உடையாமல் நிற்கின்றன. எழுத்துருவுக்கு 'மீரா' மலையாளமும் 'மீரா இனிமை' தமிழும். இரண்டும் ஒரே குழு வெளியிட்டவை. கோட்டின் தடிமன் ஒத்துப்போவதால் இருமொழிப் பத்திரிகையில் ஒரு பக்கம் கறுத்தும் ஒரு பக்கம் வெளுத்தும் தெரியாது. வரி இடைவெளி மட்டும் தனித்தனியாக: 14 புள்ளித் தமிழுக்கு 18 போதும், அடுக்கெழுத்து வரும் மலையாளத்துக்கு 20 வேண்டும். தட்டச்சுக்கு என்.எச்.எம். ரைட்டரில் பழைய தட்டச்சு முறை. விண்டோஸோடு வரும் தமிழ் விசைப்பலகைகளில் அது கிடையாது. நாற்பது வயதுக்கு மேல் ஒருவரைத் தமிழ்99-க்கு மாறச் சொல்லி வேலையைக் கெடுப்பதில் அர்த்தமில்லை.

அச்சில்

கேனான் எல்பிபி 2900 லேசருக்கு 64-பிட் டிரைவர் இருக்கிறது. புதுக் கணினியில் யுஎஸ்பியில் நேராக ஓடியது. எக்ஸ்பி பெட்டிக்குள் அதைக் கொண்டுபோகவில்லை. பேஜ்மேக்கரிலிருந்து பிடிஎஃப் எடுத்து, ஷேர்டு ஃபோல்டரில் போட்டு, வெளியிலிருந்து அச்சு. முதல் பத்திரிகையில் மடிப்புக் கோடு விலகியது. பிடிஎஃப் திறப்பானில் 'ஃபிட்' என்ற தேர்வு இயல்பாக இருந்தது காரணம். அது பக்கத்தை 97 சதவீதம் அளவுக்குச் சுருக்கும். ஏ4-இன் 210 மி.மீ. அகலம் 204-க்கு வந்துவிடும். மூன்று மடிப்புப் பத்திரிகையில் ஒவ்வொரு மடிப்பும் 2 மி.மீ. குறையும், கவர் மட்டும் குறையாது. 'ஆக்சுவல் சைஸ்' தேர்ந்து, ஒரு தாளில் 100 மி.மீ. கோடு அச்சடித்து ஸ்கேலால் அளந்து பார்த்தபின்தான் ஆர்டரை ஓட்ட வேண்டும்.

பில் பிரிண்டருக்கு யுஎஸ்பி–பேரலல் கேபிள் வாங்குவது வழக்கம். விண்டோஸ் நிரல்களுக்கு அது போதும். டாஸ் நிரல் எல்பிடி1 என்ற பேரலல் போர்ட்டையே தேடும்; அந்தக் கேபிள் எல்பிடி1 ஆகாது. மேலும் 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரலைத் தொடவே தொடாது. ஆகவே பில் நிரல், டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் நிரலுக்குள். அது பேரலல் போர்ட்டுக்கு அனுப்புவதை ஒரு ஃபைலாக எழுதி, அதை அப்படியே, எந்த டிரைவரும் கைவைக்காமல், பிசிஐஇ பேரலல் கார்டின் வழியாகப் பிரிண்டருக்குத் தள்ள வேண்டும். விண்டோஸ் டிரைவர் வழியே போனால் எழுத்தைப் படமாக வரையும். ஒரு பில்லுக்கு ஒரு நிமிடம் ஆகும், கடைசிப் படியில் எழுத்து இறங்காது. நேராகப் போனால் பிரிண்டரின் சொந்த எழுத்தில் சில நொடியில் முடியும். கார்பன் மூன்றாம் படிவரை பதிய, பிரிண்டர் ஓரத்து லீவரைத் தாளின் தடிமனுக்கு ஏற்பத் தள்ளி வைக்க வேண்டும். இது கணினிக் கோளாறு என்று நினைத்து ரிப்பனை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் அதிகம்.

தீராதவை

டாங்கிளோடு மட்டுமே திறக்கும் சில மலையாளக் கோப்புகள் அந்த மென்பொருளின் சொந்த வடிவத்தில் உள்ளன. அவற்றைப் பழைய கணினியில் திறந்து, பிடிஎஃப்பாகவும் வெறும் எழுத்தாகவும் ஏற்றுமதி செய்தாயிற்று, வடிவம் போய்விட்டது. ஆகவே பழைய கணினி எடைக்குப் போகவில்லை. பயாஸ் பேட்டரி கழற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, ஸ்லாட் மூடிகளை அடைத்துப் பரணில் இருக்கிறது. கெபாசிட்டர் மாற்றினால் இன்னொரு முறை எழும். பழைய டிஸ்க் தனியாக, பிம்பத்தின் ஒரு நகல் புனலூரில் உறவினர் வீட்டில். எஸ்எஸ்டியில் இந்த நகலை வைக்கக் கூடாது. கரன்ட் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதில் தரவு நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

பராமரிப்பு இவ்வளவே. மாசி பிறந்ததும் எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர், சாரல் தொடங்கும்வரை. கேபினட்டின் முன் வலையை மாதம் ஒருமுறை கழுவி, நிழலில் நன்றாகக் காய்ந்தபின் மாட்டுவது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர். வருடத்துக்கு ஒருமுறை, எந்த ஃபைலும் திறந்திராதபோது, மெயின் சுவிட்சை அணைத்துக் கணினி ரீஸ்டார்ட் ஆகாமல் நிற்கிறதா என்று பார்ப்பது. ஆகத் தொடங்கினால் முதலில் இன்வெர்ட்டரின் பின்பக்கத்து சுவிட்சை யாராவது தட்டிவிட்டார்களா என்று பார்த்துவிட்டுப் பிறகு பேட்டரியைச் சோதிப்பது.